பியூபிள் பிரீமியம்: தமிழ்ப் பாடசாலை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மேற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் பெற்றோர் கவர்னராக, அதாவது நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலையில் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை மற்றப் பெற்றோருடன் வெளியில் நின்று கதைப்பது வழக்கம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே இங்கிலாந்துக்குப் பொருந்துபவை. தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

பியூபிள் பிரீமியம் என்றால் என்ன?

அரசு ஒவ்வொரு பாடசாலைக்கும் வழமையாகக் கொடுக்கும் நிதிக்கு மேலே, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுக்கும் மேலதிகக் காசு. 2011 ஏப்ரலில், கூட்டணி அரசின் காலத்தில் தொடங்கியது. முதல் ஆண்டில் ஒரு பிள்ளைக்கு 500 பவுண்டுக்கும் குறைவாகத்தான் இருந்தது. 2025-26ல் ரிசெப்ஷன் என்ற முதல் வகுப்பிலிருந்து இயர் 6 வரை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,515 பவுண்ட், இயர் 7 முதல் இயர் 11 வரை 1,075 பவுண்ட். இராணுவத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு 350 பவுண்ட். அரச பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு 2,630 பவுண்ட். அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

காரணம் எளிது. ஒரே வயதில், ஒரே கெட்டித்தனத்தோடு பாடசாலைக்குள் வரும் இரண்டு பிள்ளைகளில், காசில்லாத வீட்டுப் பிள்ளை ஆண்டுகள் போகப் போகப் பின்தங்குவது இந்த நாட்டில் நீண்டகாலமாக நடந்துவருகிறது. அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் இந்தக் காசு.

எங்கள் பிள்ளை அதில் வருவாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ், அதாவது வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் இலவச மத்தியானச் சாப்பாடு, அதற்குத் தகுதியானவர் என்று உங்கள் பிள்ளை பதிவாகியிருக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு விதி இதுதான்: வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவிக் காசைப் பெற வேண்டும், வேலை செய்து, வரி போகக் கைக்கு வரும் வீட்டு வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டாக வரும் காசை இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். இன்கம் சப்போர்ட் போன்ற வேறு சில உதவிகள் பெறுபவர்களும், புகலிடம் கோரி அரசின் ஆதரவில் வாழும் குடும்பங்களும் வருவார்கள்.

இந்த 7,400 என்ற எண் மிகவும் இறுக்கமானது. 2018 ஏப்ரலில் வைத்தார்கள். அதன் பிறகு கூட்டவே இல்லை. அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.83 பவுண்ட். வாரம் 18 மணி நேரம் வேலை செய்தாலும் வரம்புக்குள் நிற்கலாம். 2025 ஏப்ரலில் அதே சம்பளம் 12.21 பவுண்ட் ஆயிற்று. வாரம் 12 மணி நேரம் வேலை செய்தாலே ஆண்டுக்கு 7,600 பவுண்டைத் தாண்டிவிடும். கடையில் மூன்று பின்னேரம் நிற்கும் ஒரு தாய், அந்த வேலையாலேயே பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறார். இது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

லண்டனில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசச் சாப்பாடுதானே? பிறகு எதற்குப் படிவம் நிரப்ப வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

2014 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்து முழுவதும் ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 பிள்ளைகள் எல்லாருக்கும், வருமானம் பார்க்காமல் மத்தியானச் சாப்பாடு இலவசம். 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் மேயரின் நிதியால் இயர் 6 வரை எல்லாருக்கும் கிடைக்கிறது. மிக நல்ல விஷயம். ஆனால் இந்தச் சாப்பாடு பியூபிள் பிரீமியத்தைக் கொண்டுவராது. பிள்ளையின் தட்டில் சாப்பாடு இருக்கிறது. ஆனால் வருமானம் குறைந்த குடும்பம் என்ற பதிவு எங்கேயும் இல்லை. பதிவு இல்லாவிட்டால் பாடசாலைக்கு அந்த 1,515 பவுண்ட் வராது.

ஒரு பாடசாலையில் தகுதியுள்ள 20 பிள்ளைகளின் பெற்றோர் "சாப்பாடு கிடைக்குதுதானே" என்று விட்டுவிட்டால், ஆண்டுக்கு 30,300 பவுண்ட் போய்விடும். ஒரு கற்பித்தல் உதவியாளரை ஆண்டு முழுவதும் வைத்திருக்கப் போதுமான காசு அது. எங்கள் கூட்டங்களில் வரவுசெலவுத் திட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துவது இந்த இடத்தில்தான். யாரும் எடுத்துச் செலவழித்த காசு அல்ல. ஐந்து நிமிடப் படிவம் ஒன்று நிரப்பப்படாததால் வராமல் போன காசு.

நானும் அந்தப் பிழையைச் செய்தவள்தான். என் மூத்த பிள்ளை ரிசெப்ஷனில் இருந்தபோது வீட்டில் ஒரு சம்பளமும் ஒழுங்காக இல்லை. படிவம் வந்தது. எங்களுக்கு இது வேண்டாம், இன்னும் கஷ்டப்பட்டவர்களுக்குப் போகட்டும் என்று மடித்து வைத்தேன். நான் வாங்காததால் இன்னொருவருக்குப் போகும் காசு அது இல்லை என்று அப்போது விளங்கவில்லை.

எங்கள் மகள் பாடசாலைச் சாப்பாட்டைத் தொடவே மாட்டாள். வீட்டுச் சாப்பாடுதான் கட்டிக் கொடுக்கிறோம்.

பரவாயில்லை, தாராளமாகக் கட்டிக் கொடுங்கள். பதிவு செய்தால் போதும். அங்கே சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியவருமா? விசாவுக்குப் பிரச்சினை வருமா?

தெரியவராது. இப்போது பெரும்பாலான பாடசாலைகளில் காசு கையில் மாறுவதே இல்லை. அட்டையோ விரல் அடையாளமோதான். யார் இலவசம், யார் காசு கட்டுகிறார்கள் என்று வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு விளங்காது. ஆசிரியர்களுக்குத் தெரியும். அது தெரிய வேண்டியதுதான்.

விசாவைப் பற்றிய பயம் இன்னும் ஆழமானது. எங்களில் பலர் எத்தனையோ படிவங்களுக்குப் பயந்து வாழ்ந்தவர்கள். பாடசாலையின் இலவசச் சாப்பாடு, குடிவரவு விதிகளில் சொல்லப்படும் "பொது நிதி" பட்டியலில் இல்லை. அதைப் பெறுவதால் விசா நிபந்தனையை மீறியதாகாது.

அதோடு, "பொது நிதிக்கு உரிமை இல்லை" என்று விசாவில் எழுதப்பட்ட குடும்பங்களும் வருமானம் குறைவாக இருந்தால் இலவசச் சாப்பாட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கொரோனாக் காலத்தில் தற்காலிகமாகக் கொடுத்ததை 2022ல் நிரந்தரமாக்கினார்கள். இவர்களுக்கான வருமான வரம்பு 7,400 அல்ல. அதைவிட மிகவும் உயர்ந்தது, லண்டனில் இன்னும் உயர்வு. இந்தப் பிள்ளைகளுக்கும் பாடசாலை பியூபிள் பிரீமியம் கேட்டுப் பெறலாம். அலுவலகத்தில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். "இல்லை" என்று முதலில் சொன்னால், கவுன்சிலிடம், அதாவது உள்ளூராட்சி அலுவலகத்திடம், கேட்டுச் சொல்லும்படி பணிவாகச் சொல்லுங்கள்.

கணவருக்கு இப்போது நல்ல வேலை கிடைத்துவிட்டது. பாடசாலைக்கு அறிவிக்க வேண்டுமா? காசு நின்றுவிடுமா?

சாப்பாட்டுக்கான தகுதி மாறலாம், அறிவியுங்கள். ஆனால் பியூபிள் பிரீமியம் நிற்காது. கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது ஒருமுறை தகுதியுள்ளவராகப் பதிவாகியிருந்தால் அந்தப் பிள்ளைக்கான காசு தொடர்ந்து வரும். இதைப் பாடசாலைகளில் "எவர் சிக்ஸ்" என்பார்கள். 2012ல் வந்த விதி. கஷ்டகாலம் முடிந்த மறுநாளே அதன் பாதிப்பும் முடிந்துவிடாது என்பதை ஏற்றுக்கொண்ட விதி என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

கணக்குப் பாருங்கள்: ரிசெப்ஷனில் பதிந்த ஒரு பிள்ளை, அதன் பிறகு வீட்டு வருமானம் உயர்ந்தாலும், 2025-26 தொகைப்படி ஆறு ஆண்டில் 9,090 பவுண்ட் வரை பாடசாலைக்குக் கொண்டுவரும்.

2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் உள்ள எல்லாருக்கும் சாப்பாடு என்கிறார்களே?

ஆம், 2025 ஜூனில் அரசு அறிவித்தது. அந்தத் திகதியிலிருந்து 7,400 பவுண்ட் வரம்பு சாப்பாட்டுக்குப் பார்க்கப்படாது. ஆனால் பியூபிள் பிரீமியத்துக்குப் பழைய வரம்பே தொடரும் என்றும் அரசு சொல்லியிருக்கிறது. ஆகவே சாப்பாடு கிடைக்கும் பிள்ளைகள் எல்லாருக்காகவும் இந்தக் காசு வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் செய்ய வேண்டியது மாறவில்லை: விண்ணப்பித்துப் பதிவாக வேண்டும்.

அந்த 1,515 பவுண்டில் என் மகனுக்கு ஒரு லாப்டொப் வாங்கித் தரச் சொல்லலாமா?

கேட்கலாம். கொடுக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. இது பிள்ளையின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கு மாதிரி அல்ல. பிள்ளைகளை எண்ணிக் காசு வரும். வந்த பிறகு எல்லாம் ஒரு தொகையாகிவிடும். எதற்குச் செலவழித்தால் கூடுதல் பலன் என்று பாடசாலைதான் தீர்மானிக்கும். பட்டியலில் இல்லாத, ஆனால் உதவி தேவைப்படும் பிள்ளைக்கும் அதில் செலவழிக்கலாம். சமூக சேவையாளர் ஒருவரின் கவனிப்பில் இருக்கும் பிள்ளை, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை போன்றவர்கள் அப்படி வருவார்கள்.

ஆனாலும் வீட்டில் கணினி இல்லாமல் வீட்டுப்பாடம் செய்ய முடியவில்லை என்றால் வாய்திறந்து சொல்லுங்கள். பல பாடசாலைகளில் இரவல் கொடுக்க லாப்டொப் இருக்கும். சீருடை, பயணக் காசு போன்றவற்றுக்கும் அப்படித்தான். இரவு தங்கும் பாடசாலைப் பயணங்களில் இன்னொன்றும் உண்டு: பாடசாலை நேரத்துக்குள் நடக்கும் பயணம் என்றால், குறிப்பிட்ட அரச உதவிகள் பெறும் குடும்பங்களிடம் தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் வசூலிக்கக் கூடாது. காசில்லை என்று பிள்ளையை வீட்டில் நிறுத்துவதற்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள்.

சரி, பாடசாலை அந்தக் காசை உண்மையில் எதற்குத்தான் செலவழிக்கிறது?

அரசின் வழிகாட்டல் மூன்று வகையாகப் பிரிக்கிறது: வகுப்பில் நடக்கும் கற்பித்தல், குறிப்பிட்ட பிள்ளைகளுக்கான மேலதிகப் பாட உதவி, பாடத்துக்கு வெளியே உள்ள தடைகள்.

பெற்றோருக்கு விளங்கக் கடினமாக இருப்பது முதலாவது. "ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் பிள்ளைகளின் காசா?" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பிள்ளை வாரத்தில் 25 மணி நேரத்துக்கு மேல் வகுப்பில் இருக்கிறது. தனி உதவி கிடைப்பது அதில் ஒன்றிரண்டு மணி நேரம்தான். வகுப்பு ஆசிரியர் எழுத்தொலிகளைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவராக இருந்தால், வெளியில் எத்தனை சிறு குழு வைத்தும் பயன் குறைவு. வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு வகுப்பு மட்டும்தான் இருக்கிறது. நல்ல ஆசிரியரால் முதலில் பயன்பெறுபவர் அந்தப் பிள்ளைதான்.

இரண்டாவது வகை கண்ணுக்குத் தெரியும். மூன்று நான்கு பிள்ளைகளை ஒரு மேசையில் வைத்து வாசிப்புச் சொல்லிக்கொடுப்பது, கணக்கில் விட்ட இடத்தை நிரப்புவது, ரிசெப்ஷனில் பேச்சு வளராத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி. "நெலி" என்று சொல்லும் ஒரு திட்டம் இருக்கிறது. நஃபீல்ட் அறக்கட்டளையின் பெயரில் வந்தது. ரிசெப்ஷன் பிள்ளைகளுக்கு 20 வாரம், சிறு குழுவாகவும் தனியாகவும், பயிற்சி பெற்ற உதவியாளர் சொற்களையும் கதை சொல்வதையும் பழக்குவார். அப்படி ஒரு குழுவைப் பார்த்திருக்கிறேன். செப்டம்பரில் தலையாட்டல் மட்டும் தந்த ஒரு சிறுமி, கோடை விடுமுறைக்கு முன் ஒரு படத்தைக் காட்டி அதில் நடப்பதை எனக்குச் சொன்னாள்.

மூன்றாவது வகையில் காலைச் சாப்பாட்டுக் கிளப், மனநல ஆலோசகர், வாத்தியப் பாடம், பயணங்கள், பிள்ளைகளின் பாடசாலை வரவைக் கூட்டும் வேலை எல்லாம் வரும். வரவு பெரிய விஷயம். பத்தில் ஒரு பங்கு நாள் வராத பிள்ளையைத் தொடர்ந்து வராதவர் என்று கணக்கிடுவார்கள். 190 பாடசாலை நாட்களில் அது 19 நாள். தவணை நடுவில் ஊருக்குப் போய் மூன்று வாரம் நின்றால் 15 நாள் போய்விடும், அப்புறம் நாலு காய்ச்சல் நாள். ஊருக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மம்மாவைப் பார்க்காமல் வளரும் பிள்ளைக்கும் இழப்புத்தான். விடுமுறைக்குள் போக முடிந்தால் போங்கள்.

எது பலன் தரும் என்று யாருக்குத் தெரியும்?

2011ல் இதற்காகவே ஓர் அமைப்பை உருவாக்கினார்கள்: எஜுகேஷன் என்டோமென்ட் ஃபவுண்டேஷன். சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை தொடங்கியது. அரசு 125 மில்லியன் பவுண்ட் கொடுத்தது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, எந்த முறை ஒரு பிள்ளையைச் சராசரியாக எத்தனை மாதம் முன்னேற்றுகிறது, எவ்வளவு செலவு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஒருவருக்கு ஒருவர் டியூஷன் ஐந்து மாத அளவு, சிறு குழு டியூஷன் நான்கு மாத அளவு. வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நாங்கள் எல்லாரும் பெரிதாக நினைக்கும் ஒன்று. செலவு மிகக் கூடியது, பலனோ மிகக் குறைவு என்று அதில் இருக்கிறது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

சராசரி சராசரிதான். ஒரு முறை எங்கோ வேலை செய்ததால் உங்கள் பாடசாலையிலும் வேலை செய்யும் என்று உறுதி இல்லை. யார் செய்கிறார்கள், எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது.

என் மகனை வகுப்பிலிருந்து வெளியே கூட்டிப்போய்ப் படிப்பிக்கிறார்கள். அவனை மொக்கு என்று நினைக்கிறார்களா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அக்கா, அவன் வீட்டில் நல்லாத்தான் வாசிக்கிறான்" என்று சொன்னவர் அழுதுவிட்டார். டியூஷன் சென்டருக்கு மாதம் மாதம் காசு கட்டி அனுப்புவதைப் பெருமையாகச் சொல்கிறோம். பாடசாலை அதையே இலவசமாக, பிள்ளைக்குத் தெரிந்த ஆசிரியரைக் கொண்டு, பாடசாலை நேரத்திலேயே செய்யும்போது ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அந்த நேரத்தில் வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது? ஒவ்வொரு வாரமும் அதே ஓவிய வகுப்பை அல்லது அதே விஞ்ஞான வகுப்பைப் பிள்ளை தவறவிட்டால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த கதையாகிவிடும். கவர்னர் கூட்டத்தில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது.

மகள் நன்றாகப் படிக்கிறாள். அவளுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்க வேண்டும். இந்தக் காசு பின்தங்கியவர்களுக்கு மட்டும் என்று எங்கேயும் விதி இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையும் வீட்டில் அமைதியான மேசை இல்லாமல், கேட்க ஆள் இல்லாமல் மெல்ல மெல்ல நடுத்தரத்துக்கு இறங்குவதுண்டு. சிரமம் கொடுக்காமல் அமைதியாக இருக்கும் பெண்பிள்ளை என்றால் யாருடைய கண்ணிலும் படாமலே போகலாம். "அவளுடைய நிலைக்கு மேலே போக என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிராமர் பள்ளிக்கு முயல்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2014ல் திருத்திய அனுமதி விதிகள், பியூபிள் பிரீமியம் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கப் பாடசாலைகளுக்கு இடம்கொடுத்தன. பல கிராமர் பள்ளிகள் இப்போது அப்படிச் செய்கின்றன. பர்மிங்ஹாமின் கிங் எட்வர்ட் கிராமர் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளுக்குத் தகுதிப் புள்ளியே குறைவு. ஒவ்வொரு பள்ளியின் நிபந்தனையும் வேறு, தனிப் படிவமும் கேட்பார்கள். இயர் 5லேயே பார்த்து வையுங்கள். பதிவே செய்யாத பிள்ளைக்கு இந்த முன்னுரிமை கிடைக்காது.

வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இந்தக் காசு வருகிறதா?

இல்லை. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் இந்நாட்டுப் பாடசாலை முறைக்குள் வந்த முதல் மூன்று ஆண்டுகளுக்கு, வேறு கணக்கில் நிதி வருகிறது. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான நிதியும் வேறு. ஒரே பிள்ளை மூன்றிலும் வரலாம். தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டாம்.

என் அக்காவின் மகன் எங்களோடு வளர்கிறான். அந்த 2,630 பவுண்ட் அவனுக்கு வருமா?

சட்டப்படி அவன் நிலை என்ன என்பதைப் பொறுத்தது. கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை என்றால் வரும். அந்தக் காசு, பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கும் கவுன்சில் பிரிவான "வேர்ச்சுவல் ஸ்கூல்" தலைவரின் கையில் இருக்கும். பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தைப் பார்த்துக் கொடுப்பார். பராமரிப்பில் இருந்து, பிறகு தத்தெடுக்கப்பட்டோ நீதிமன்ற ஆணையின்படி உறவினரிடமோ போன பிள்ளை என்றாலும் வரும். அப்போது காசு நேராகப் பாடசாலைக்குப் போகும், ஆனால் நீங்கள் அந்த ஆணையைக் காட்டிப் பாடசாலைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் குடும்பங்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. சித்தியோ மாமாவோ யாரையும் கேட்காமல் பிள்ளையை அழைத்து வந்து சொந்தப் பிள்ளையாக வளர்ப்பார்கள். அன்பில் குறைவில்லை, ஆனால் இந்தத் தொகை அதற்கு வராது. உங்கள் வருமானத்தைப் பார்த்து வழமையான பியூபிள் பிரீமியம் கிடைக்கலாம்.

எங்கள் பாடசாலை எப்படிச் செலவழிக்கிறது என்று எங்கே பார்ப்பது?

அவர்களுடைய இணையத்தளத்தில். ஒவ்வொரு பாடசாலையும் பியூபிள் பிரீமியம் திட்ட அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் வெளியிட வேண்டும். அரசு கொடுத்த மாதிரிப் படிவத்தில்தான் இருக்கும். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு காசு, என்ன சவால்கள், மேலே சொன்ன மூன்று வகையிலும் என்ன செய்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, சென்ற ஆண்டு என்ன நடந்தது என்று வரிசையாகப் போகும்.

நான் முதலில் கடைசிப் பகுதியைத்தான் பார்ப்பேன். சென்ற ஆண்டு நினைத்தது நடந்ததா? "நல்ல முன்னேற்றம்" என்று மட்டும் எழுதியிருந்தால் யோசிக்க வேண்டும். "வாசிப்பில் நினைத்த அளவு வரவில்லை, அதனால் இப்படி மாற்றுகிறோம்" என்று எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். அப்புறம் சவால்கள் பகுதி. ரிசெப்ஷனுக்கு வருபவர்களில் பலருக்குச் சொல்வளம் குறைவு, இயர் 4ல் பெருக்கல் வாய்பாடு தடுமாற்றம் என்று குறிப்பாக இருந்தால், அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எந்தப் பாடசாலைக்கும் பொருந்தும் பொதுவான வசனங்களாக இருந்தால், அல்லது மூன்று ஆண்டாக ஒரே பந்தி அப்படியே இருந்தால், ஒரு கேள்வி கேட்கலாம்.

யாரிடம், எப்படிக் கேட்பது? சண்டைக்குப் போவது போல இருக்காதா?

முதலில் வகுப்பு ஆசிரியர். பெற்றோர் சந்திப்பில் பத்து நிமிடம்தான் தருவார்கள். அதில் இரண்டு கேள்வி போதும். "என் பிள்ளைக்கு இந்த ஆண்டு என்ன மேலதிக உதவி கிடைக்கிறது? அது வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்?" பெரும்பாலான பாடசாலைகளில் பியூபிள் பிரீமியத்துக்குப் பொறுப்பாக ஒருவர் இருப்பார், பலவேளை துணைத் தலைமை ஆசிரியர். அவரிடம் மின்னஞ்சலில் கேட்கலாம். கவர்னர்களில் ஒருவரும் இதைப் பார்த்துக்கொள்வது வழக்கம்.

ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

வேறு செலவுகளுக்கு இந்தக் காசை எடுத்துவிடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. சட்டன் டிரஸ்ட் 2024ல் எடுத்த கணக்கெடுப்பில், பாடசாலைத் தலைவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வரவுசெலவில் விழுந்த துண்டை அடைக்க இந்தக் காசில் ஒரு பகுதியைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அது மூன்றில் ஒரு பங்காக இருந்தது.

பாடசாலைகளைத் திட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2015-16 முதல் 2019-20 வரை ஆரம்பப் பாடசாலைத் தொகை 1,320 பவுண்டிலேயே நின்றது. சம்பளமும் மின்சாரக் கட்டணமும் நிற்கவில்லை. இருக்கும் உதவியாளரை வேலையிலிருந்து அனுப்புவதா, இந்தக் காசில் அவரை வைத்திருப்பதா என்று ஒரு தலைமை ஆசிரியர் முடிவெடுக்கும்போது, இரண்டிலுமே ஏழைப் பிள்ளைகளுக்கு இழப்பு உண்டு. பொதுவான நிதி போதாத இடத்தில் மேலதிக நிதி மேலதிகமாக நிற்காது. அந்தக் குறையை உள்ளூர் எம்.பி.யிடமும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு காசு கொடுத்தும் இடைவெளி குறைந்ததா?

முதல் எட்டு ஒன்பது ஆண்டுகளில் மெதுவாகக் குறைந்தது. பிறகு கொரோனா வந்து பெரும்பகுதியை அழித்துவிட்டது. அரசு இடைவெளியை ஒரு சுட்டெண்ணாகக் கணக்கிடுகிறது; எண் கூடினால் இடைவெளி கூடுதல். இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வு வயதில் 2011ல் 4.07 ஆக இருந்தது, 2019ல் 3.70க்கு இறங்கியது, 2023ல் 3.94க்கு ஏறியது. இயர் 6 முடிவில், வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் எதிர்பார்த்த தரத்தை 2024ல் எட்டியவர்கள் வசதி குறைந்த பிள்ளைகளில் 46 சதவீதம், மற்றவர்களில் 67 சதவீதம்.

காசு மட்டும்தான் காரணம் என்றோ, காசு வீண் என்றோ இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டு வாடகை, குளிர், தற்காலிக விடுதி அறையில் ஐந்து பேர் படுக்கும் நிலை, இவற்றை ஒரு பாடசாலை மாற்ற முடியாது. லண்டனில் வசதி குறைந்த பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளில் இருப்பவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே இடைவெளி தலைவிதியல்ல.

நர்சரியில் இருக்கும் பிள்ளைக்கு?

தனியாக ஒன்று இருக்கிறது. 2025-26ல் அரசு கட்டும் நர்சரி மணி நேரத்துக்கு 1 பவுண்ட் வீதம், ஆண்டுக்கு 570 பவுண்ட் வரை. 2025 ஏப்ரலில்தான் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். நர்சரி தரும் படிவத்தில் உங்கள் விவரங்களை நிரப்பிக் கொடுத்தால் போதும். ரிசெப்ஷனுக்குப் போனதும் மறுபடி பதிய வேண்டும்.

ஸ்கொட்லாந்தில், வேல்ஸில்?

ஸ்கொட்லாந்தில் பியூபிள் ஈக்விட்டி ஃபண்ட், வேல்ஸில் பியூபிள் டெவலப்மென்ட் கிரான்ட். நோக்கம் ஒன்று, விதிகள் வேறு. அங்குள்ளவர்கள் தங்கள் கவுன்சிலிடம் கேளுங்கள்.

பதிவது எப்படி?

பாடசாலை அலுவலகத்தில் "ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ் படிவம்" என்று கேளுங்கள், அல்லது உங்கள் கவுன்சிலின் இணையத்தளத்தில் நிரப்புங்கள். பெயர், பிறந்த திகதி, நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் போதும். புகலிட ஆதரவில் இருப்பவர்கள் அதற்குரிய இலக்கத்தைக் கொடுக்கலாம். மற்றதை அவர்களே கணினியில் சரிபார்ப்பார்கள். சில கவுன்சில்கள் தங்களிடம் உள்ள விவரங்களை வைத்து, விண்ணப்பம் இல்லாமலே பதிந்துவிடுகின்றன. உங்கள் கவுன்சில் அப்படியா என்று கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தகுதி இல்லை என்று பதில் வந்தால், வேலை நேரம் குறையும்போதோ வேலை போகும்போதோ திரும்ப விண்ணப்பியுங்கள். எத்தனை தடவை என்று கணக்கு இல்லை. அடுத்த ஆண்டின் காசுக்கு எண்ணும் நாள் அக்டோபரின் முதல் வியாழக்கிழமை. அதனால் செப்டம்பரில் சீருடை வாங்கும் வாரத்திலேயே படிவத்தையும் கொடுத்துவிடுங்கள். தமிழ்ப் பாடசாலைக்கு வருபவர்கள் நம்பரை எழுதிக்கொண்டு வந்தால், தொலைபேசியிலேயே இருந்து நிரப்பிவிடலாம். நான் பத்து மணிக்கு வாசலில் நிற்பேன்.